துக்க வீட்டுக்குப் பத்து ஆண்கள்

வெள்ளிக்கிழமை வந்தாலே எனக்கு அலுப்புத் தட்டும். அப்போது அரியலூரில் ஒரு சிமெண்ட் ஆலையின் குவார்ட்டர்ஸில் குடியிருந்தோம். என் பள்ளிக்கூடமோ பெரம்பலூரைத் தாண்டி ஒரு கிராமத்தில். காலையில் ஒரு பஸ், பெரம்பலூரில் இறங்கி இன்னொரு பஸ், சாயங்காலம் அதே மாதிரி திரும்ப. சுண்ணாம்புக்கல் லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்து வந்து இறங்கும்போது தலையெல்லாம் வெள்ளைப் பொடியாக இருக்கும். மற்ற நாளென்றால் முகத்தைக் கழுவிக்கொண்டு சற்றுப் படுக்கலாம். வெள்ளிக்கிழமை அது நடக்காது. தலைக்குக் குளிக்க வேண்டும், பூஜைச் சாமான் துலக்க வேண்டும், வாசல் தெளிக்க வேண்டும், விளக்கேற்ற வேண்டும். என் வீட்டுக்காரர் ஆலையில் எலக்ட்ரிக்கல் சூப்பர்வைசர். "விளக்கு ஏத்தியாச்சா?" என்று கேட்பது மட்டும் அவர் பங்கு.

பக்கத்து வீட்டுக்காரிக்கும் வெள்ளிக்கிழமைதான் விளக்கு என்று தெரிந்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. எங்கே போனாலும் நமக்கென்று ஒரு வெள்ளிக்கிழமை வைத்திருக்கிறார்கள் பார் என்று நினைத்துக்கொண்டேன். அவர்கள் யூதர்கள். பெரம்பலூர் தனி மாவட்டமாகி ஒன்றிரண்டு வருஷம் கழித்து, ஆலையின் லேபில் கெமிஸ்டாக அவள் வீட்டுக்காரர் வந்து சேர்ந்தார். கூட மனைவி மட்டும். குழந்தை இல்லை. முதல் ஆறு மாதம் காலனியில் யாருக்கும் அவர்கள் என்ன சாதி, என்ன மதம் என்று பிடிபடவில்லை. அவர் தலையில் சின்னக் குல்லா வைத்திருப்பதைப் பார்த்துச் சிலர் பாய் என்றார்கள். வாசல் நிலையில் சாய்வாக ஒரு சின்னக் குழல் அடித்திருந்ததைப் பார்த்து, எலி மருந்தோ என்னவோ என்று ஒருத்தி சொன்னாள். நான் நேராகவே கேட்டுவிட்டேன். வாத்தியார் வேலை பார்க்கிறவளுக்கு வெட்கம் குறைவு.

பம்பாய்க்குத் தெற்கே கடலோரக் கிராமங்களில் பல தலைமுறையாகச் செக்கு ஆட்டிப் பிழைத்த குடும்பங்கள் என்று அவள் சொன்னாள். சனிக்கிழமை மட்டும் செக்கை நிறுத்திவிடுவார்களாம். அதனால் அந்த ஊர்க்காரர்கள் இவர்களைச் சனிக்கிழமை வாணியர் என்று கூப்பிட்டார்களாம். வீட்டில் பேசுவது மராத்தி, பிரார்த்தனை எபிரேய மொழியில். வாசல் நிலைக் குழலுக்குள் இருந்தது வேத வரி எழுதிய சுருளாம். தமிழ் அவள் கற்றுக்கொண்டது பால்காரரிடமும் காய்கறிக்காரியிடமும். அதனால் நம்மூர்த் தமிழ்தான் பேசினாள். என்னை அக்கா என்பாள். என்னைவிட எட்டு வயது சின்னவள்.

பொழுது சாய்வதற்கு முன்னால் விளக்கேற்றிவிட வேண்டும் என்பது அவர்கள் சட்டம். ஏற்றியபின் இரண்டு கையாலும் கண்ணை மூடிக்கொண்டு முணுமுணுப்பாள். அதிலிருந்து மறுநாள் இருட்டுகிற வரைக்கும் அடுப்புப் பற்றவைக்கக் கூடாது, லைட் போடக் கூடாது, எழுதக் கூடாது. ஓய்வு நாள். கேட்கும்போது எனக்குப் பொறாமையாகத்தான் இருந்தது. பிறகுதான் வியாழக்கிழமை காலையிலிருந்து அவள் படுகிற பாட்டைப் பார்த்தேன். மறுநாள் சாப்பாட்டையும் சேர்த்துச் சமைத்து மூடிவைக்க வேண்டும், வீட்டைக் கழுவ வேண்டும், ரொட்டி சுட வேண்டும், பிசைந்த மாவில் ஒரு கிள்ளு எடுத்து அடுப்பில் போட வேண்டும். கோழியை முறைப்படி அறுத்துத் தருவது அவர் வேலை. உப்புப் போட்டு ரத்தமெல்லாம் வடியவைத்துக் கழுவி எடுப்பது அவள் வேலை.

"ஒரு நாள் ஓய்வுக்கு ரெண்டு நாள் சாவுறியேடி" என்றேன்.

"ஓய்வு அவருக்குக்கா. எனக்கு உட்கார்ந்த எடத்துல அசதி" என்றாள்.

அவர் நல்ல மனுஷன். அதையும் சொல்லிவிட வேண்டும். அதிராத பேச்சு, யாரைப் பார்த்தாலும் ஒரு கும்பிடு. தினமும் காலையில் இடது கையில் கறுப்புத் தோல்வாரைச் சுற்றிக்கொண்டு, நெற்றியில் ஒரு சின்னப் பெட்டியைக் கட்டிக்கொண்டு அவர் நின்று பிரார்த்தனை செய்வது எங்கள் அடுக்களை ஜன்னலிலிருந்து தெரியும். அந்த நேரத்தில் அவள் தோசைக்கல்லோடு நின்றுகொண்டிருப்பாள். பொம்பளைகளுக்கு அந்த வார் கிடையாதா என்று ஒருநாள் அவரிடமே கேட்டேன். நேரத்தோடு கட்டுப்பட்ட பிரார்த்தனைகளிலிருந்து பெண்களுக்குக் கடவுள் விலக்குக் கொடுத்திருக்கிறார் என்றார். வீடு, பிள்ளை என்று அவர்களுக்கு நேரம் இருக்காதாம்.

"அடேயப்பா. எங்களுக்கு நேரம் இல்லன்னு சாமிக்கே தெரிஞ்சிருக்கு சார். என் மாமியாருக்குத்தான் தெரியல" என்றேன். அவர் வாய்விட்டுச் சிரித்தார்.

ஆனால் அந்தக் காலைப் பிரார்த்தனையில் ஒரு வரி இருக்கிறது என்று அவள் பிறகு சொன்னாள். என்னைப் பெண்ணாகப் படைக்காததற்கு உனக்கு ஸ்தோத்திரம் என்று ஆண்கள் தினமும் சொல்ல வேண்டுமாம். பெண்கள், உன் சித்தப்படி என்னைப் படைத்தாயே என்று சொல்லிக்கொள்ள வேண்டுமாம். மராத்தி அர்த்தம் போட்ட புஸ்தகம் என்பதால் சின்ன வயதிலேயே அவளுக்கு அது தெரியும். எனக்குக் கோபமெல்லாம் வரவில்லை. நம்மூரில் வாய்விட்டுச் சொல்வதில்லை, அவ்வளவுதான் வித்தியாசம். வீட்டுக்கு வீடு வாசப்படி.

மாதம் ஒரு தடவை நாங்கள் இரண்டு பேரும் கொள்ளிடத்துக்குப் போவோம். தூரம் முடிந்து ஏழு நாள் எண்ணிய பின், ஓடுகிற தண்ணீரில் முழுக்க முங்கி எழுந்தால்தான் அவள் புருஷனைத் தொடலாம். அதற்கென்று அவர்கள் ஊரில் தனிக் குளம் கட்டியிருப்பார்களாம். இங்கே யார் கட்டுவது? திருமானூர் பஸ்ஸில் போய் இறங்கி, மணல் அள்ளிய பள்ளம் இல்லாத இடமாகப் பார்த்து இறக்கிவிடுவேன். கரையில் துண்டைப் பிடித்துக்கொண்டு நிற்பதும், ஒரு முடிகூட மேலே மிதக்கவில்லை என்று பார்த்துச் சொல்வதும் என் வேலை. "இன்னொரு தரம் முங்கு, முடி மேல நிக்குது" என்பேன். சொல்லிக் கொடுத்த குழந்தை மாதிரி மறுபடி முங்குவாள். ஒவ்வொரு தடவையும் திரும்பி வரும்போது பஸ்ஸில் ஜன்னலோரமாக உட்கார்ந்து கண்ணை மூடிக்கொள்வாள். இந்த மாதமாவது தங்க வேண்டும் என்று அவள் வேண்டிக்கொள்வது எனக்குத் தெரியும்.

அரியலூரைத் தனி மாவட்டமாகப் பிரித்து, மறு வருஷமே திரும்பவும் பெரம்பலூரோடு சேர்த்தார்களே, அந்தச் சமயத்தில் அவள் அம்மா பம்பாயிலிருந்து இங்கேயே வந்துவிட்டார். அப்பா போய்ச் சேர்ந்துவிட்டார். இவள் ஒரே மகள். மாமாக்கள் எல்லாரும் இஸ்ரேலுக்குக் கப்பலேறிப் பல வருஷம். அந்த அம்மாவுக்குத் தமிழ் ஒரு வார்த்தை வராது, எனக்கு மராத்தி வராது. ஆனாலும் சாயங்காலத்தில் நான் பஸ் இறங்கி வருவதைப் பார்த்தால் ஒரு சொம்பு தண்ணீரோடு கேட்டில் நிற்பார். ஒரு வருஷம்கூட முழுதாக இருக்கவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை விடியும் நேரம் அவள் வந்து கதவைத் தட்டினாள்.

"அக்கா, அம்மா எந்திரிக்கல" என்றாள். அழவில்லை. நான் போய்த் தொட்டுப் பார்த்தேன். கை சில்லென்று விறைத்திருந்தது. தூக்கத்திலேயே போயிருக்கிறார்.

அதற்குப் பிறகு எல்லாமே அவசரம். அன்றைக்குப் பொழுது சாய்வதற்குள் அடக்கம் பண்ண வேண்டும். இல்லாவிட்டால் சனிக்கிழமை தாண்டி ஞாயிற்றுக்கிழமைதான். பம்பாய்க்குக் கொண்டுபோக நேரம் இல்லை. சென்னையில் அவர்களுக்கென்று ஒரு சின்னக் கல்லறை இருந்தது. எட்டு மணிக்குள் வேன் கிளம்பினால் போய்விடலாம். அவர் ஹாலில் நின்று போன்மேல் போன் போட்டுக்கொண்டிருந்தார். நான் அடுக்களையில் அவளோடு இருந்தேன். அவர்கள் சாவு வீட்டு வழக்கப்படி நிலைக்கண்ணாடியைத் துணியால் மூடினாள். குடத்திலிருந்த தண்ணீரை எடுத்து வெளியே கொட்டினாள். பிறகு சுவரில் சாய்ந்துகொண்டு சொன்னாள்.

"கதீஷ்னு ஒரு பிரார்த்தனை இருக்குக்கா. குழியில எறக்கினப்புறம் சொல்லணும். அப்புறம் பதினோரு மாசம் சொல்லணும். பெத்த பிள்ளை சொல்லணும். ஆம்பளப் பிள்ளை. எனக்கு அண்ணன் தம்பி இல்ல, அதனால இவர் சொல்லலாம். ஆனா பத்து ஆம்பளைங்க கூட நிக்கணும். பத்துப் பேரு இல்லாம அதச் சொல்லவே கூடாது. சென்னைல மூணு பேருதான் கிடைக்குறாங்களாம். என் அம்மா அது இல்லாம போகப்போறா."

அவள் முகத்தைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. வாசலுக்கு ஓடி என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். "பத்து ஆம்பளைங்க வேணுமாம். இல்லன்னா பிரார்த்தனையே கிடையாதாம். சென்னைல மூணு பேருதான் இருக்காங்களாம். புள்ள தவிக்குது."

"அவ்வளவுதானே? இதுக்குப் போயா தவிக்குது?" என்றார். சைக்கிளை எடுத்துக்கொண்டு ஆலை கேட்டுக்குப் போனார்.

செத்தவர் பெண்ணென்றால் பெண்கள்தான் குளிப்பாட்ட வேண்டும் என்பது அவர்கள் முறை. "எங்க ஆளுங்க ஒருத்தி இருந்தாக்கூட உன்னக் கூப்பிடமாட்டேன்க்கா. நீ தப்பா நினைக்காத" என்றாள். தப்பாக நினைக்க அதில் என்ன இருக்கிறது? புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டேன். உடம்பைக் குப்புறப் போடக் கூடாது, முழுக்கத் திறந்தும் வைக்கக் கூடாது, உடம்புக்குக் குறுக்கே எந்தச் சாமானும் கைமாறக் கூடாது. அவள் சொல்லச் சொல்ல நான் செய்தேன். கடைசியில் தண்ணீர் நிற்காமல் ஒழுக வேண்டும். அவள் குடம் முடியும் முன்னால் நான் என் குடத்தைச் சாய்க்க வேண்டும். மூன்று குடம் அப்படி ஊற்றினோம். பம்பாயிலிருந்து வரும்போதே அந்த அம்மா வெள்ளைத் துணி தைத்து, பெட்டியின் அடியில் வைத்து எடுத்து வந்திருந்தார். அதை உடுத்தினோம். முடிந்ததும், ஏதாவது மரியாதைக் குறைவாகச் செய்திருந்தால் மன்னித்துக்கொள் என்று அம்மாவிடம் அவள் கேட்டாள். நானும் கேட்டுக்கொண்டேன்.

என் அப்பாவுக்கு நான் இதில் ஒன்றுகூடச் செய்யவில்லை. எங்கள் வீட்டிலும் ஆண் பிள்ளை இல்லை, நாங்கள் மூன்று பெண்கள். வரப்புத் தகராறில் பத்து வருஷம் அப்பாவோடு பேச்சுவார்த்தை இல்லாத பெரியப்பா மகன்தான் கொள்ளி வைத்தான். கடைசி ஒரு வருஷம் மருந்து கொடுத்தது, மலம் அள்ளியது நாங்கள். வாய்க்கரிசி போட்டதும் எங்களைத் தெருமுனையிலிருந்து திருப்பி அனுப்பிவிட்டார்கள். போய் வீட்டைக் கழுவுங்கள் என்றார்கள். கழுவினோம்.

வெளியே வந்தபோது கேட்டில் வேன் நின்றது. அதைச் சுற்றி என் வீட்டுக்காரரையும் சேர்த்து ஒன்பது ஆட்கள். நைட் ஷிப்ட் முடித்தவர்கள் யூனிபார்மைக்கூட மாற்றாமல் வந்திருந்தார்கள். வரதராஜன்பேட்டைக் கிறிஸ்தவர்கள் இரண்டு பேர் ஜபமாலையோடு நின்றார்கள். லப்பைக்குடிக்காட்டு ஃபிட்டர் ஒருவர் மதியத்து ஜும்மா தொழுகை போனாலும் போகட்டும் என்று வந்திருந்தார். மாலை, ஊதுவத்தி எதுவும் கூடாது என்று சொன்னதும் வாங்கிவந்த மாலையை ஒருவர் மதில்மேல் வைத்தார். என் வீட்டுக்காரர் விரலை விட்டு எண்ணிக்கொண்டு பக்கத்து வீட்டுக்காரரிடம் போய், "சார், உங்களோட சேத்துப் பத்து. அங்க வேற மூணு பேரு இருக்காங்க. கவலைய விடுங்க" என்றார்.

அவர் அந்த வரிசையைப் பார்த்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தார். பிறகு ஒவ்வொருவர் கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு வேனில் ஏறினார். அவர்கள் குடும்பத்தில் பெண்கள் கல்லறைக்குப் போவதில்லை. அவள் கேட்டோடு நின்றுவிட்டாள். அவள் முகத்தில் ஒரு தெளிவு தெரிந்தது என்று எனக்குத் தோன்றியது. நான்தான் ஏதோ சாதித்துவிட்ட மாதிரி நின்றேன். புத்திகெட்டவள்.

அன்றைக்கு நான் பள்ளிக்கூடம் போகவில்லை. சாயங்காலம் பொழுது சாயக் கொஞ்ச நேரம் இருக்கும்போது போன் வந்தது. மண்போட்டு முடிந்தது என்று அவர் சொல்லியிருக்கிறார். "கதீஷ்?" என்று இவள் கேட்டாள். அந்தப் பக்கம் என்ன பதில் என்று அவள் முகத்தைப் பார்த்தே எனக்குத் தெரிந்துவிட்டது. போனை வைத்துவிட்டு அவள் போய் விளக்கேற்றினாள். கண்ணை மூடிய கையை ரொம்ப நேரம் எடுக்கவில்லை.

ஓய்வு நாளில் பிரயாணம் கூடாது என்பதால் அவர் சென்னையிலேயே தங்கிவிட்டார். சனிக்கிழமை காலை ஆட்கள் மட்டும் திரும்பி வந்தார்கள். என் வீட்டுக்காரர் செருப்பைக் கழற்றாமலேயே வாசற்படியில் உட்கார்ந்தார்.

"பத்து ஆம்பளைங்கன்னா பத்து யூதருங்களாம்டி" என்றார். "நாங்க செருப்பக் கழட்டிட்டு, குளிச்சுட்டு, தலைல கைக்குட்டையக் கட்டிட்டு வரிசையா நிக்குறோம். அங்க இருந்த பெரியவரு வந்து ஒவ்வொருத்தரா ஊர் பேரு கேட்டாரு. அப்புறம் இங்கிலீஷ்ல மெதுவா சொல்றாரு, நீங்க வந்தது பெரிய விஷயம், ஆனா நீங்க எண்ணிக்கைல வரமாட்டீங்கன்னு. எனக்கு மூஞ்சிய எங்க வச்சுக்கறதுன்னு தெரியல. நம்ம பாய்தான், சரி, மண்ணு போடலாம்லன்னு மம்பட்டிய எடுத்தாரு. அதுக்குத் தடையில்லன்னாங்க. நாங்களே மூடினோம்."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. ஒன்பது பேர் ஒரு நாள் தூக்கத்தையும் சம்பளத்தையும் விட்டுவிட்டு இருநூற்றைம்பது கிலோமீட்டருக்கு மேல் வேனில் குலுங்கிப் போயிருக்கிறார்கள். தெரிந்தே கூட்டிக்கொண்டு போனாரே இந்த மனுஷன், கேட்டிலேயே ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? கூடவே என் மேலும் கோபம். எந்த மதத்து ஆளாக இருந்தாலும் எண்ணிக்கையில் சேர்வான் என்று நினைத்து ஓடியது நான்தானே. ஞாயிற்றுக்கிழமை அவர் திரும்பியதும் கேட்டேவிட்டேன்.

"எப்படி டீச்சர் சொல்றது?" என்றார். சட்டையின் மார்புப் பக்கம் துக்கத்துக்காகக் கிழித்துவிட்டிருந்தார். "ஷிப்ட் முடிஞ்சு தூங்காம வந்து நிக்குறாங்க. நீங்க வேணாம், போங்கன்னு சொல்ல எனக்கு வாய் வரல. வழியெல்லாம் சொல்லிடலாம் சொல்லிடலாம்னே போனேன்."

அதற்கு மேல் என்ன திட்டுவது?

ஏழு நாள் அவள் தரையில் பாய் போட்டு உட்கார்ந்திருந்தாள். துக்க வீட்டில் முதல் சாப்பாடு அடுத்தவர் கையால்தான் சாப்பிட வேண்டும் என்பது அவர்களுக்கும் உண்டு. அவள் அடுக்களையிலேயே, அவள் பாத்திரத்திலேயே முட்டையும் பருப்பும் வேகவைத்துக் கொடுத்தேன். காலையில் அது, சாயங்காலம் பஸ் இறங்கி வந்ததும் அது. காலனிப் பெண்கள் வந்து கட்டிப்பிடித்து அழ ஆரம்பித்தால் பக்கத்தில் உட்கார்ந்து அடக்குவதும் நான்தான். எனக்கு உடம்பே முடியவில்லை. ஒருநாள் பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டில் நின்றபடியே தூங்கிப் பஸ்ஸை விட்டேன்.

பம்பாயில் இருக்கிற தன் சித்தப்பா மகனுக்கு எழுதிவிட்டதாகவும், அங்கே அவர்கள் கோயிலில் பத்துப் பேர் நடுவில் பதினோரு மாதமும் அவன் கதீஷ் சொல்லிவிடுவான் என்றும் அவர் அவளைச் சமாதானப்படுத்தினார். நான்காம் நாளோ ஐந்தாம் நாளோ, நான் இருக்கும்போதே அவள் வெடித்தாள்.

"அவன் என் அம்மா மூஞ்சியப் பாத்தது கூட இல்ல. நான் சொல்றேன். நான் அவ பெத்த பிள்ளை இல்லையா?"

"நீ சொல்லலாம். அது வெறும் வாசிப்பு. கதீஷ் ஆகாது" என்றார்.

நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். இருக்கவில்லை. "சார், நம்ம ஆளுங்க மண்ணு போட்டாங்களே, அது சேருமா?" என்றேன்.

"சேரும்."

"நாங்க ரெண்டு பேரும் குளிப்பாட்டினோமே, அது?"

"அதைவிடப் பெரிய புண்ணியம் எங்களுக்குக் கிடையாது. செத்தவங்க திருப்பிச் செய்யமாட்டாங்க இல்லையா?"

"அப்ப ரெண்டு பொம்பளைங்க தண்ணி ஊத்துனா முழுசாச் சேருது. இவ நாலு வார்த்தை பேசுனா மட்டும் சேராதா? சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டான்கிற கதையால்ல இருக்கு."

அவர் கோபிக்கவில்லை. கோபித்திருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும். "நான் எழுதின சட்டம் இல்ல டீச்சர்" என்றார். "இந்த ஊருக்கு வந்ததுலேருந்து நானும் ஒரு நாள்கூடப் பத்துப் பேரோட நின்னு சொன்னதில்ல. எங்கப்பாவுக்கே வருஷா வருஷம் சொல்ல முடியல. இருக்கறது இந்தச் சட்டம் ஒண்ணுதான். அதையும் நானே ஒடச்சிட்டா, அப்புறம் நான் யாரு? எனக்கும் அசதியா இருக்கு."

அவர் லேபுக்குக் கிளம்பிப் போனபின் அவள் என் பக்கம் திரும்பவில்லை. பாயின் கோரையைப் பிய்த்துக்கொண்டே சொன்னாள். "என் அம்மாவுக்கு எண்ணிக்கைல வராத நானாவது இருக்கேன். எனக்கு அதுவும் இல்லக்கா." நான் அவள் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தேன். அன்றைக்குக் காலையும் முதல் பீரியட் போய்விட்டது.

ஏழாம் நாள் வியாழக்கிழமை. காலையில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு எழுந்துவிடலாம். நான் டிபன் டப்பாவோடு பஸ்ஸுக்குக் கிளம்பும்போது எட்டிப் பார்த்தேன். அவர் ஹாலில், கையில் தோல்வாரோடு பிரார்த்தனை முடித்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அவள் அடுக்களையில் நின்றாள், தலையில் முக்காடு போட்டு, காலைச் சேர்த்து வைத்துக்கொண்டு.

"அக்கா, கொஞ்சம் நில்லு. நான் நிறுத்துற எடத்துல ஆமென் சொல்லு" என்றாள்.

வரதராஜன்பேட்டைக்காரர்களோடு இத்தனை வருஷம் பழகியவளுக்கு ஆமென் சொல்லத் தெரியாதா? டப்பாவைக் கீழே வைத்தேன்.

புஸ்தகம் இல்லாமல் தொடங்கினாள். பெண்பிள்ளைகளுக்கு இதை யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை. சின்ன வயதில் கோயில் மாடியில், பெண்கள் பக்கம் உட்கார்ந்து, கீழே ஆண்கள் சொல்வதைக் கேட்டுக் கேட்டு வந்ததுதான். நான்கைந்து வார்த்தை போனது. நின்றது. மறுபடி முதலிலிருந்து தொடங்கினாள். அதே இடத்தில் மறுபடி நின்றது. ஐயோ, இதுகூட வரவில்லையே இவளுக்கு என்று நினைத்தேன். மூன்றாவது தடவை அதே இடத்துக்கு வந்து வாயை மூடிக்கொண்டாள்.

ஹாலிலிருந்து ஒரு வார்த்தை வந்தது.

அவர் எழுந்து வரவில்லை. திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்தபடியே அந்த ஒரு வார்த்தையை மட்டும் சொன்னார். அவள் அதைப் பிடித்துக்கொண்டு மேலே போனாள். அடுத்து தடுக்கிய இடத்தில், அவள் நிற்பதற்கு முன்னாலேயே எடுத்துக் கொடுத்தார். அப்படியே கடைசி வரைக்கும் போனார்கள். அவள் கையைக் காட்டிய இடங்களில் நான் ஆமென் சொன்னேன். கடைசி ஆமென் எனக்கு முன்னால் ஹாலிலிருந்து வந்துவிட்டது. அவள் அழவில்லை. நான்தான் நின்று அழுதேன், டிபன் டப்பாவைக் காலடியில் வைத்துக்கொண்டு.

அவர் அங்கிருந்தே மராத்தியில் ஏதோ சொன்னார். கொஞ்சம் நீளமாகவே சொன்னார். இவள் ஒற்றை வார்த்தையில் பதில் சொன்னாள்.

"என்னடி சொல்றாரு?" என்று கேட்டேன்.

முக்காட்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "இது கதீஷ் இல்லையாம். தெரியும்னேன்" என்றாள். "மூணாவது வரிய தப்பா சொல்றேனாம். நாளைக்குக் காலைல திருத்தித் தர்றாராம்."

பதினோரு மாதம் திருத்தினார்.